போர்க்கப்பல் பிளாஸ்டிக் மாடல்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

போர்க்கப்பல் மாடல் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். டெக் (மேல்தளம்) உட்கார மாட்டேன் என்கிறது, ரெயிலிங் (தள விளிம்புக் கம்பிவேலி) நெளிகிறது, ரிக்கிங் (கொடிமரத்துக் கம்பிகள்) நூல் தொய்கிறது, பட்டி பார்த்து இழைத்த இடம் பெயிண்ட் அடித்த மறுநாள் பல்லிளிக்கிறது. இவற்றை மாற்றி மாற்றிச் சரிசெய்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். கப்பல் மாடலில் கோளாறு தெரிகிற இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. பெயிண்ட்டில் தெரிவது பசையில் பிறந்திருக்கும், ரெயிலிங்கில் தெரிவது பிரைமரில் (அடிப்பூச்சில்) பிறந்திருக்கும். ஆகவே ஏதாவது தப்பாகத் தெரிந்ததும் அதே இடத்தில் பசையோ பட்டியோ வைக்கப் போகாமல், ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சுலபமான காரணத்தில் தொடங்கி, செலவு வைக்கும் காரணம் வரை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கப்பல் உடலின் இரு பாதிகள் சேரவில்லை, டெக் உட்காரவில்லை

பசை போடும் முன்பே இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உடலை மாஸ்கிங் டேப்பால் மட்டும் சேர்த்துக் கட்டி, டெக்கையும் உள்ளே வைத்து, விளக்கை உள்பக்கம் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கேதான் பிரச்சினை.

*இடைவெளி ஒரு முனையில் மட்டும் இருந்தால்:* முதலில் பிசிறையும், ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் நிற்கும் குமிழையும் பாருங்கள். நகத்தால் தடவினால் கைக்குத் தெரியும். அடுத்து பொருத்து முளைகள். பாதிகள் நேராகச் சேர உதவத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள், ஆனால் அச்சு கொஞ்சம் தேய்ந்த பழைய கிட்களில் முளையும் துளையும் ஒத்துவராமல், அவையே பாதிகளைச் சேரவிடாமல் தள்ளி நிற்கும். யோசிக்காமல் முளைகளை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணாலும் டேப்பாலும் சேர்த்துப் பாருங்கள். பத்தில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

*இடைவெளி நடுவில், டெக்கின் இருபக்கமும் இருந்தால்:* உடலின் சுவர்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன. டேப்பால் இழுத்துக் கட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டாக நீர்த்த பிளாஸ்டிக் பசையைத் தொட்டு, அது பிடித்த பிறகு இடையில் உள்ள பகுதிகளை முடியுங்கள். ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் பசை ஓட்டினால் ஒரு பக்கம் பிடிக்கும்போது மறுபக்கம் நழுவும். இதற்கு நேர்மாறாகச் சுவர்கள் உள்ளே ஒடுங்கி, டெக் மேலே எழும்பி நின்றால், உடலுக்குள் குறுக்குத் தாங்கிகள் வையுங்கள். மிஞ்சிய ஸ்ப்ரூ துண்டே போதும். அகலத்தை டெக்கிலிருந்து அளந்து வெட்டி, உள்ளே குறுக்காக ஒட்டுங்கள்.

*டெக் இரண்டு மூன்று துண்டாக வந்திருந்தால்:* இடைவெளியை முழுதாக ஒழிக்கப் பார்க்காதீர்கள், அதை எங்கே ஒளிக்கலாம் என்று பாருங்கள். அலைத்தடுப்புச் சுவருக்கு அடியிலோ மேற்கட்டுமானத்துக்கு அடியிலோ போகிற மாதிரி ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒட்டிக்கொண்டே வந்தால், மிஞ்சும் அரை மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாத இடத்தில் போய் நிற்கும். மரப்பலகைக் கோடுகள் செதுக்கிய டெக்கின் நடுவில் பட்டி பார்த்து இழைத்தால் கோடுகளும் சேர்ந்து அழியும். அதை மறுபடி கீறி எடுப்பது பெரிய வேலை.

*உடலே வில்லாக வளைந்திருந்தால்:* ஒரு தடிமனான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், மேசை எல்லாம் நம்பத் தகுந்த சமதளம் இல்லை. யமாட்டோ போன்ற 263 மீட்டர் கப்பல் 1/350 அளவில் (நிஜத்தின் 350-இல் ஒரு பங்கு) 75 சென்டிமீட்டர் வரும், அந்த நீளத்துக்குச் சின்ன வளைவும் பளிச்சென்று தெரியும். லேசான வளைவு என்றால், உள்ளே நீளவாக்கில் பித்தளை அல்லது அலுமினியச் சட்டம் ஒன்றை எபாக்சியால் ஒட்டி, கண்ணாடி மேல் எடை வைத்து அழுத்தி ஒரு நாள் விடுங்கள். நீர்க்கோட்டு மாடல்களின் (தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதி மட்டும் உள்ளவை) பழைய 1/700 கிட்களில் உள்ளே வைக்க ஓர் இரும்புப் பட்டை கொடுப்பார்கள், அது கப்பலுக்குக் கனம் தருவதோடு முதுகையும் நேராக்கும், ஆகவே எறிந்துவிடாதீர்கள். சட்டத்துக்கும் மசியாத வளைவு என்றால் வெந்நீர். 70 டிகிரி செல்சியஸ் அளவில் முக்கி, கையால் மெதுவாகத் திருத்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். கொதிநீர் வேண்டவே வேண்டாம். 100 டிகிரியை நெருங்கும்போது பாலிஸ்டைரீன் நெகிழ்ந்து, நீங்கள் நினைக்காத இடத்தில் எல்லாம் போய்விடும்.

*எப்போது கைவிடுவது:* வளைவு வேறு, முறுக்கு வேறு. முன்பக்கம் நேராக நிற்க, பின்பக்கம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது முறுக்கு. ஒரே துண்டாக வார்த்த உடலில் முறுக்கு இருந்தால் வெந்நீரோடு மல்லுக்கட்டாமல், கிட் தயாரிப்பாளரிடம் மாற்றுப் பாகம் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஸ்ப்ரூ எழுத்தையும் பாக எண்ணையும் சொன்னால் தனியாக அனுப்புகின்றன. ஒன்று மட்டும், கேட்பதற்கு முன் அந்தப் பாகத்தை வெட்டியோ ஒட்டியோ வைத்திருக்கக் கூடாது.

இழைத்து மறைத்த இணைப்புக் கோடு பெயிண்ட்டுக்குப் பின் மறுபடி தெரிகிறது

இந்த ஒரு கோளாறுக்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் அவசரம்தான். பிளாஸ்டிக் பசை என்பது பிளாஸ்டிக்கைக் கரைத்துச் சேர்ப்பது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இழைத்துச் சமப்படுத்தினால், பின்னால் அது சுருங்கும்போது ஒரு மெல்லிய பள்ளம் விழும். பட்டியும் அப்படியே.

முதலில், கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளமாகத் தட்டுப்பட்டால் சுருக்கம். மேடாகத் தட்டுப்பட்டால் பட்டி கடினம், சுற்றியுள்ள பிளாஸ்டிக் மென்மை, உப்புத்தாள் மென்மையானதை மட்டும் தின்றிருக்கிறது. எதுவும் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அது வெறும் நிற வேறுபாடு, இன்னொரு பூச்சு பிரைமர் போதும்.

பள்ளம் என்றால் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். சுருங்குவது முழுதாகச் சுருங்கட்டும். பிறகு சூப்பர் க்ளூவைப் பட்டியாகப் பயன்படுத்தி நிரப்புங்கள், அது சுருங்காது. ஆனால் நேரம் போகப் போகப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும் என்பதால், பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் இழைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேலே சொன்ன மேட்டுப் பிரச்சினை வந்து சேரும். உப்புத்தாளின் பின்னால் கடினமான கட்டை ஒன்று இருக்கட்டும். விரலால் அழுத்தி இழைத்தால், பரப்பு எங்கே மென்மையோ அங்கே விரல் பள்ளம் பறிக்கும். 600 எண்ணில் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டு இழையுங்கள்.

கப்பலின் முன்மூக்கில்தான் இந்தக் கோடு அதிகமாகக் கண்ணை உறுத்தும். அங்கே இழைக்கும்போது மூக்கின் கூர்மை மழுங்கிவிடாமல் இருபக்கமும் மாற்றி மாற்றி இழையுங்கள். மழுங்கிய மூக்கோடு நிற்கும் நாசகாரிக் கப்பலைப் பார்க்க எனக்கு மனசே வராது.

பெயிண்ட் சரியாக உட்காரவில்லை

*துளித்துளியாக விலகி, வட்டமாகப் பிளாஸ்டிக் தெரிகிறது:* எண்ணெய்ப் பிசுக்கு. அச்சிலிருந்து எடுக்கப் பூசும் எண்ணெயாக இருக்கலாம், உங்கள் கைவிரலாக இருக்கலாம். ஸ்ப்ரூக்களை வெட்டும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி, தானாக உலர விட்டிருந்தால் இது வராது. வந்துவிட்டால் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் இதே தொல்லை என்றால், ஏர்பிரஷ்ஷுக்கு (பெயிண்ட் தெளிக்கும் கருவி) காற்று தரும் கம்ப்ரசரின் ஈரம் பிடிக்கும் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள், தண்ணீர் நிறைந்து குழாய் வழியாக வந்துகொண்டிருக்கலாம்.

*மணல் தெளித்த மாதிரி சொரசொரப்பு:* பெயிண்ட் மேற்பரப்பைத் தொடும் முன்பே காற்றில் காய்கிறது. ஏர்பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோங்கள். எட்டு பத்து சென்டிமீட்டர் போதும். அதிலும் சரியாகவில்லை என்றால் தின்னரைக் கூட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, காற்றழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் வையுங்கள். வெக்கை நாட்களில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளி உதவும். ஏற்கெனவே சொரசொரத்த இடத்தை 2000 எண் தாளால் லேசாகத் தடவினால் மேல் மணல் போய்விடும், முழுதாகக் களைய வேண்டியதில்லை.

*மாஸ்கிங் டேப்போடு சேர்ந்து உரிந்து வருகிறது:* பிரைமர் அடித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. அடித்திருந்தால் அடுத்த கேள்வி அது காய நேரம் கொடுத்தீர்களா என்பது. பிளாஸ்டிக்கில் பிடிக்கிற அக்ரிலிக் பெயிண்ட், பித்தளை பாகத்தின் மேல் பிரைமர் இல்லாமல் பிடிக்காது. அதனால் டெக்கில் உரியாமல், அதன் மேல் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகட்டில் மட்டும் உரிந்தால் காரணம் உறுதி. டேப்பை ஒட்டும் முன் கையின் பின்பக்கத்தில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள், கழற்றும்போது நேர் மேலே இழுக்காமல் தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுங்கள்.

*டேப்புக்கு அடியில் கசிந்து கோடு பிசிறியிருக்கிறது:* டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் அடியில் இருக்கும் நிறத்தையே மெல்லிசாக அடியுங்கள். கசிந்தால் அந்த நிறமே கசிந்து, இடுக்கை அடைத்துவிடும். பிறகு புதிய நிறம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து உருமறைப்புப் பட்டைகள் அடிக்கிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் திருத்த வேலை மிச்சம். போர்ட்ஹோல், கதவு என்று மேடு பள்ளம் உள்ள இடத்தில் டேப் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது, அங்கே திரவ மாஸ்க்கைத் தொட்டு நிரப்புங்கள்.

நீர்க்கோடு அலையடிக்கிறது, அல்லது சாய்ந்து நிற்கிறது

அலையடித்தால் காரணம் அகலமான டேப். வளைந்த உடலில் அகல டேப் ஒருபோதும் நேராகப் படுக்காது. முதலில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் மெல்லிய டேப்பால் கோட்டை மட்டும் போட்டு, அதற்குப் பின்னால் அகல டேப்பை வையுங்கள். கோட்டைக் குறிக்கப் பென்சிலை ஒரு கட்டையின் மேல் படுக்க வைத்துக் கட்டி, கப்பலை அசையாமல் நிறுத்திவிட்டுக் கட்டையைச் சுற்றி நகர்த்துங்கள்.

சாய்ந்து நின்றால் கப்பலை நிறுத்திய விதம் தப்பு. முன், நடு, பின் மூன்று இடத்திலும் கண்ணாடித் தளத்திலிருந்து உயரத்தை அளந்து, கிட்டின் உடலில் செதுக்கிய மெல்லிய குறியோடு ஒப்பிடுங்கள். டெக்கின் விளிம்பை வைத்து நேர் பார்க்கக் கூடாது, ஏனென்றால் டெக் முன்பக்கம் உயர்ந்து போகும். அமெரிக்கக் கடற்படையின் மெஷர் 22 வண்ணத்தில் கீழே நேவி புளூ, மேலே ஹேஸ் கிரே. அந்தப் பிரிவுக்கோடு டெக் விளிம்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி நீர்க்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். டெக் விளிம்பையே பின்தொடர்ந்து வரைந்தால் கப்பல் முழுக்கச் சாய்ந்த மாதிரித் தெரியும், நீர்க்கோடு சரியாக இருந்தாலும். இந்தக் குழப்பத்தில் நல்ல நீர்க்கோட்டை அழித்து மறுபடி அடிக்கிறவர்கள் உண்டு. முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம்

சூப்பர் க்ளூவின் ஆவி பக்கத்தில் படிந்து வெளுத்திருக்கிறது. பசை அதிகம், காற்றோட்டம் குறைவு, இரண்டும் சேர்ந்தால் கண்டிப்பாக வரும். எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள், லேசானது போய்விடும். போகவில்லை என்றால் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் தொடுங்கள், வெள்ளை மறையும். மேலே மேட் (பளபளப்பில்லாத) பூச்சு வரப்போகிறது என்பதால் பளபளப்பைப் பற்றிக் கவலை இல்லை. இனிமேல் வராமல் இருக்கப் பசையை ஊசி முனையில் தொட்டு வையுங்கள், சின்ன விசிறி ஒன்று பக்கத்தில் ஓடட்டும். பாலத்தின் கண்ணாடி ஜன்னல், தேடுவிளக்குக் கண்ணாடி ஆகியவற்றுக்குச் சூப்பர் க்ளூவே வேண்டாம், வெள்ளைப் பசை போதும்.

நகப்பூச்சு நீக்கியால் துடைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அதில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

பித்தளை ரெயிலிங் நெளிகிறது, விழுகிறது, உரிகிறது

கப்பல் மாடல்காரர்களின் நேரத்தை அதிகம் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

*வெட்டும்போதே நெளிந்தால்:* அடியில் இருப்பது மெத்தென்ற வெட்டுப்பாய். கத்தி இறங்கும்போது ரெயிலிங் உள்ள மெல்லிய பித்தளைத் தகடும் சேர்ந்து இறங்கி வளைகிறது. கண்ணாடி அல்லது பளபளப்பான ஓடு மேல் வைத்து, வளைமுனைக் கத்தியை உருட்டி வெட்டுங்கள். கத்தி முனையும் புதிதாக இருக்கட்டும்.

*ஒட்டிக்கொள்ளவே மாட்டேன் என்றால்:* பசை பிடிப்பது எதன் மேல் என்று பாருங்கள். டெக் பெயிண்ட்டின் மேல் என்றால், பெயிண்ட் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் ரெயிலிங்கின் பலம். சட்டென்று பிடிக்கும் சூப்பர் க்ளூ நேராக்க அவகாசம் தராது என்பதால், நீளமான ஓட்டங்களுக்கு நான் வெள்ளைப் பசையையோ அக்ரிலிக் வார்னிஷையோ விரும்புகிறேன். ஒரு முனையைத் தொட்டு நிறுத்தி, மறுமுனையை நேராக்கி, பிறகு இடையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டு. எல்லாம் நேரானதும் மூலைகளில் மட்டும் சூப்பர் க்ளூவை ஊசியால் தொட்டுப் பலப்படுத்தலாம்.

*ஒட்டி முடித்துச் சில வாரம் கழித்து நெளிந்தால்:* இதற்கு உங்கள் கை காரணமல்ல, வெப்பநிலைதான். பிளாஸ்டிக் சூட்டிலும் குளிரிலும் பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேல் விரிந்து சுருங்கும். 75 சென்டிமீட்டர் உடலில் 10 டிகிரி மாறினால் பிளாஸ்டிக் அரை மில்லிமீட்டர் நகரும், பித்தளை அதில் கால்பங்கு அளவுதான். வெக்கையில் ஒட்டிய ரெயிலிங் குளிரில் இடமில்லாமல் வெளியே பிதுங்குகிறது. நீளமாக ஒரே துண்டாக ஓட்டாமல், தூண் இருக்கும் இடத்தில் வெட்டி, துண்டு துண்டாக ஒட்டுங்கள். ஏற்கெனவே நெளிந்திருந்தால் நெளிவின் நடுவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் மேல் கீழ்க் கம்பிகளைக் கூரான கத்திரியால் வெட்டிவிடுங்கள். மிஞ்சியது ஒன்றின் மேல் ஒன்று ஏறி நேராகும், மிகையை நறுக்கிவிட்டுத் தொட்டு ஒட்டினால் போதும். முழு ரெயிலிங்கையும் பிடுங்க வேண்டாம்.

*வளைவில் உட்காரவில்லை என்றால்:* முன்பக்க வளைவுக்கான துண்டை மட்டும் சுடரில் காட்டி மங்கிய சிவப்பு வந்ததும் எடுங்கள், மென்மையாகும். இது சில நொடிதான், கூடினால் உருகிவிடும். தின்னர் பாட்டில் எதுவும் அந்த அறையில் திறந்திருக்கக் கூடாது. நேர் ஓட்டங்களைக் காய்ச்சாதீர்கள், அவை நேராக நிற்பதே அந்த விறைப்பால்தான். அதைப் போக்கிவிட்டால் மூச்சுக்காற்றுக்கே வளையும்.

*பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால்:* தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோக பிரைமர் அடித்து, ஃபிரேமில் இருக்கும்போதே பெயிண்ட் முடித்து, ஒட்டிய பிறகு வெட்டிய முனைகளை மட்டும் தூரிகையால் தொட வேண்டும். ஒட்டியான பிறகு உரிகிறது என்றால், அந்த இடத்தை நீர்த்த அக்ரிலிக் வார்னிஷ் ஒருமுறை தொட்டுப் பிடித்துவைத்து, மேலே நிறம் தொடுங்கள்.

*உயரம் தப்பாகத் தெரிந்தால்:* உண்மையான ரெயிலிங் ஏறக்குறைய 1.1 மீட்டர். 1/350 அளவில் மூன்று மில்லிமீட்டர், 1/700 அளவில் ஒன்றரை. அளந்து பாருங்கள். வேறு அளவுக்கான தகடு கலந்து வந்திருந்தால் எந்தத் திறமையும் அதைக் காப்பாற்றாது, மாற்ற வேண்டியதுதான்.

சூப்பர் க்ளூவால் ஒட்டிய பாகத்தைக் கழற்ற வேண்டி வந்தால், கழற்றக்கூடிய சின்னக் கட்டுமானம் என்றால் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பசை நொறுங்கும் தன்மைக்கு வந்து, கத்தி முனையால் நெம்பினால் பட்டென்று விடும்.

ரிக்கிங் நூல் தொய்கிறது, அல்லது கொடிமரத்தை வளைக்கிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம், ஆனால் வைத்தியம் வேறு.

*தொய்ந்தால்:* என்ன நூல் என்று பாருங்கள். பருத்தி, பட்டு எல்லாம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீளும் சுருங்கும், கப்பலுக்கு ஆகாது. உருக்கி இழுத்த ஸ்ப்ரூ என்றால் புகையும் ஊதுபத்தி முனையை அதன் பக்கத்தில், தொடாமல், ஒரு நொடி கொண்டுபோங்கள். கண்ணெதிரே இறுகும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் அறுந்துவிடும், இறுக ஆரம்பித்ததும் கையை எடுங்கள். நைலான் இழை என்றால் முனைகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு முனைப் பசை மெதுவாக வழுக்கியிருக்கும். இதெல்லாம் பிடிக்காது என்றால் நீண்டு கொடுக்கும் எலாஸ்டிக் இழைக்கு மாறிவிடுங்கள். கைபட்டாலும் அறுகாமல் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

*கொடிமரம் வளைந்தால்:* எலாஸ்டிக் இழையை அதிகமாக இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள். நேராகும் அளவுக்கு இழுத்தால் போதும், அதற்கு மேல் ஒரு இம்மியும் வேண்டாம். முன்னால் ஒன்று இழுத்தால் உடனே பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்றால் வலப்பக்கம் ஒன்று என்று சமன்செய்துகொண்டே போங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் கொடிமரம் அதற்குள் சாய்ந்திருக்கும். பிளாஸ்டிக் கொடிமரமே மெல்லியது என்றால் பித்தளைக் கம்பியால் மாற்றிவிடுவது ஒன்றே நிரந்தர வழி. 1/700 அளவுக்கு அரை மில்லிமீட்டர் கம்பியில் தொடங்கி மேலே 0.3 மில்லிமீட்டருக்கு மெலியட்டும். இதை ரிக்கிங் தொடங்கும் முன் செய்ய வேண்டும், பாதியில் செய்ய முடியாது.

*கயிறு மாதிரித் தடியாகத் தெரிந்தால்:* 0.1 மில்லிமீட்டர் நூல் மெல்லியதுதானே என்று தோன்றும். 1/700 அளவில் அது ஏழு சென்டிமீட்டர் தடிமன் உள்ள வடம். வானொலிக் கம்பிக்கு அது எவ்வளவு அபத்தம் என்று யோசியுங்கள். 0.03 மில்லிமீட்டருக்குப் போங்கள், அல்லது பாதிக் கம்பிகளைப் போடாமல் விடுங்கள். தடித்த நூலால் எல்லாவற்றையும் போட்ட மாடலைவிட, மெல்லிய இழையால் முக்கியமானவற்றை மட்டும் போட்ட மாடல் நிஜக் கப்பலுக்குக் கிட்டே நிற்கும்.

ஒட்டும் மரத் தளம் விளிம்பில் எழும்புகிறது

பின்பக்கப் பசை தூசியிலோ மேட் பெயிண்ட்டின் சொரசொரப்பிலோ சரியாகப் பிடிக்கவில்லை. டெக்கைத் துடைத்து, அடியில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டு ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே எழும்பியிருந்தால் விளிம்புக்கு அடியில் நீர்த்த சூப்பர் க்ளூவைச் செலுத்த ஆசை வரும், அது மரத்தில் ஊறிக் கருந்திட்டாகத் தெரியும். கெட்டியான சூப்பர் க்ளூவைக் குச்சி முனையில் மிகச் சிறிதளவு வைத்து அழுத்துங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை மரத்தை உப்ப வைக்கும், அதையும் தவிருங்கள். பெட்டியில் பல வருடம் கிடந்த தளம் என்றால் பின்பசையே செத்திருக்கலாம். ஒரு மூலையை உரித்துத் தொட்டுப் பாருங்கள், கையில் ஒட்டவில்லை என்றால் புதிது வாங்குவதே மேல்.

டெகலின் அடியில் வெள்ளி மினுமினுப்பு

டெகலை (நீரில் நனைத்து ஒட்டும் படச்சீட்டு) மேட் பரப்பில் ஒட்டியதால் காற்று அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தி, டெகல் மென்மையாக்கும் திரவத்தைத் தொடுங்கள், காய்ந்ததும் மறுபடி. விமானந்தாங்கிக் கப்பலின் தளக்கோடுகளுக்கு இது நிறைய வரும், அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாமல் டெகலைத் தொடவே வேண்டாம்.

கடைசி மேட் பூச்சு வெளுத்துப்போனது

எல்லாம் முடிந்த பிறகு வருவதால் வயிற்றில் புளியைக் கரைக்கும் கோளாறு இது. ஆனால் பெரும்பாலும் மீளக்கூடியது. காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடித்ததோ, டப்பாவைப் போதுமான அளவு குலுக்காததோ, ஒரே தடவையில் கனமாக அடித்ததோ காரணம். கழுவவோ தேய்க்கவோ போகாதீர்கள், ரெயிலிங்கும் ரிக்கிங்கும் போய்விடும். முழுதாகக் காயவிட்டு, வறண்ட நாளில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக மேலே அடியுங்கள். வெள்ளை மறைந்து அடிநிறம் திரும்பி வரும். பிறகு மேட் பூச்சை மெல்லிய இரண்டு மூன்று தடவைகளாக. அப்போதும் திட்டுத் திட்டாக வெளுப்பு நின்றால், பூச்சுக்குள்ளேயே மேட் பொடி திரண்டிருக்கிறது, அந்த இடங்களில் மட்டும் தூரிகையால் நிறம் தொட வேண்டியிருக்கும்.

3டி பிரிண்ட் பாகம் பிசுபிசுக்கிறது, உடைகிறது

பிசுபிசுத்தால், பாகத்தை அச்சிட்ட ரெசின் (ஒளியில் இறுகும் பிசின்) முழுதாக இறுகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, புற ஊதா ஒளியில் வையுங்கள். பிசுபிசுப்பின் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒருபோதும் காயாது. தாங்கிகளை வெட்டும்போது உடைகிறது என்றால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு வெட்டுங்கள். ஒட்டவே மாட்டேன் என்கிறது என்றால் பிளாஸ்டிக் பசையைக் கீழே வையுங்கள், ரெசினைப் பிடிப்பது சூப்பர் க்ளூவும் எபாக்சியும்தான்.

ஏர்பிரஷ் துப்புகிறது, கிண்ணத்தில் குமிழி வருகிறது

துப்பினால் ஊசி முனையில் காய்ந்த பெயிண்ட். தின்னர் தொட்ட தூரிகையால் துடையுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் ஊசியை வெளியே எடுத்து, முனையை நகத்தின் மேல் சுழற்றுங்கள், கொக்கி மாதிரித் தட்டுப்பட்டால் வளைந்திருக்கிறது. கிண்ணத்தில் குமிழி வந்தால் முனைக்குழாய் தளர்ந்திருக்கும், விரலால் இறுக்குங்கள். இறுக்கியும் வந்தால் குழாயில் மயிரிழை விரிசல், அதை மாற்ற வேண்டும். குழாய் உடைந்து அதன் மரை உடலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் நீங்கள் குடையாதீர்கள், அங்கேதான் சர்வீஸ் செய்கிறவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம். கம்ப்ரசர் தொட்டியில் துரு தெரிந்தாலோ, அழுத்தம் ஏறிக்கொண்டே போய் நிற்காமல் இருந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அதையும் வீட்டில் பிரிக்கக் கூடாது.

மாடலில் இல்லாமல் உங்களிடம் அறிகுறி தெரிந்தால்

ஸ்ப்ரே அடிக்கும்போது தலை கிறுகிறுத்தால் துணி முகமூடி போதவில்லை. கரிம ஆவி வடிகட்டி உள்ள முகக்கவசமும் வெளியே இழுக்கும் விசிறியும் வேண்டும். கண்டிப்பாக வேண்டும், லாக்கர் அடிக்கிறவர்களுக்கு இதில் பேரமே இல்லை. ரெசின் கையாண்ட பின் கையில் தடிப்பும் அரிப்பும் வந்தால் நைட்ரைல் கையுறை இல்லாமல் மறுபடி தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தடுத்துக் கூடும், தோல் மருத்துவரைப் பாருங்கள். விரல்கள் சூப்பர் க்ளூவில் ஒட்டிக்கொண்டால் சோப்பு வெந்நீரில் வைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டாலோ இமைகள் ஒட்டிக்கொண்டாலோ இழுக்காதீர்கள், எந்தக் கரைப்பானையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான நீரால் கழுவிவிட்டு, ஈரத்துணியை மேலே வைத்து, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.